அந்த ஏரித் தண்ணி நல்ல தண்ணியா?

ஆப்பிரிக்காவுக்கு இட்லிப் பொடி கொண்டுபோகலாமா கூடாதா என்று எந்த வெப்சைட்டிலும் போடவில்லை. அதனால் கொண்டுபோகலாம் என்று நானே முடிவு பண்ணிக்கொண்டேன். ஃப்ரீமான்ட் வீட்டு ஹாலில் இரண்டு சூட்கேஸையும் மல்லாத்திப் போட்டு, பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், மிளகாய்த்தூள் என்று ஒவ்வொன்றாக ஜிப்லாக் கவரில் கட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். டெக்சாஸில், ஃபிரிஸ்கோவில் வேலை பார்க்கும் என் மகள் அதை வீடியோ காலில் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அம்மா, இட்ஸ் அன் ஈக்கோ லாட்ஜ். நோ பிளாஸ்டிக்!"

"அப்போ பொடியைக் கையில ஏந்திட்டா போவாங்க?" என்றேன்.

எங்களுடைய இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு அவள் வாங்கிக்கொடுத்த பரிசு அது. மலாவி ஏரி என்று ஆப்பிரிக்காவில் ஒரு பெரிய ஏரி. அதன் நடுவில் ஒரு சின்னத் தீவு. அங்கே கல்லும் கோரைப்புல்லும் வைத்துக் கட்டிய நாலைந்து குடிசைகள். சூரிய ஒளியில் எரிகிற விளக்கு, வாளித் தண்ணீரில் குளியல், கக்கூஸில் தண்ணீருக்குப் பதிலாக ஒரு கரண்டி சாம்பல். போன் எடுக்காது. இதற்குப் போய் இவ்வளவு டாலரா என்று முதலில் நான் வாயைத் திறந்தேன். என் வீட்டுக்காரர் கண்ணாலேயே அடக்கினார். பிறகு ஏரியின் பெயரைக் கேட்டதும் நானே அடங்கிப்போனேன். அது எங்கள் அப்பா போர்வெல் போட்ட ஊர்ப்பக்கத்து ஏரி.

அப்பாவுக்குத் திருச்செங்கோடு. எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு போர்வெல் போடுகிற ரிக் வண்டிதான் பிழைப்பு. அப்பா ஓட்டுநராகப் போய், துளைபோடுகிறவராக ஆனவர். நான் காலேஜில் படித்தபோது முதலாளியின் வண்டிகள் கப்பலேறி ஆப்பிரிக்கா போயின, கூடவே அப்பாவும் போனார். அந்த ஏரியின் கரையோர ஊர்களில் சில வருஷம் போர் போட்டுவிட்டுத் திரும்பி வந்தார். எந்த ஊருக்குப் போனாலும் முதல் வேலையாக அங்கத்துத் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பார்ப்பார். உப்புத் தண்ணி, சப்பத் தண்ணி, நல்ல தண்ணி. உலகத்தில் அவருக்கு மொத்தம் மூன்றே ஜாதித் தண்ணீர்தான். அமெரிக்காவுக்கு ஒரே ஒரு தடவை வந்தபோதும், எங்கள் வீட்டுக் குழாயைத் திறந்து உள்ளங்கையில் பிடித்துக் குடித்துவிட்டு, "மருந்து வாடை. ஆனா நல்ல தண்ணிதான்" என்று சான்றிதழ் கொடுத்தார்.

தீவுக்குப் போகிறோம் என்று போனில் சொன்னபோது ஏரியின் பெயரை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு சொன்னார்:

"நான் அந்த ஏரிய தூரத்துல நின்னு பாத்ததோட சரி கண்ணு. கடலாட்டம் இருக்கும். கிட்டப் போறதுக்கு வாய்க்கவே இல்ல. நீ குடிச்சுப் பாத்துட்டு சொல்லோணும். உப்புத் தண்ணியா, சப்பத் தண்ணியா, நல்ல தண்ணியான்னு."

"நேர்லயே வந்து சொல்றேனுங்கப்பா" என்றேன். தீவிலிருந்து நேராக இந்தியா போவதாகத்தான் டிக்கெட்டே போட்டிருந்தோம்.

அப்பாவோடு பேசுவது எப்போதும் இப்படித்தான். வாராவாரம் கூப்பிட்டதும் கேள்விகளை எடுத்து விடுவார். அங்க மழைங்களா கண்ணு? பெரிய மழையா, தூறலா? பால் என்ன வெலை விக்குது? ஆபீஸ் போற வழியில ஒரு பாலம் கட்டிட்டு இருந்தாங்களே, முடிஞ்சுதா? எனக்குச் சலிப்பாக வரும். அந்தப் பாலத்தைப் பற்றிக் கவலைப்பட்ட ஒரே ஆள் இந்த உலகத்தில் அவர்தான். ஆனாலும் எல்லாவற்றுக்கும் பதில் சொல்வேன். சொல்லி முடிக்கும்போது அரை மணி நேரம் ஓடியிருக்கும்.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பங்களில் வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்குக் கெட்ட செய்தி சொல்லமாட்டார்கள். 'அவ அங்க இருந்து என்ன பண்ணப் போறா, பாவம், மனசு நொந்துக்குவா' என்பார்கள். அம்மா தவறிப்போனபோது எனக்கு வயிற்றில் ஏழு மாதம். விசா ஸ்டாம்பிங் வேறு பாக்கி, ஊருக்குப் போனால் உடனே திரும்ப முடியாது. கருமாதி முடிந்த பிறகுதான் எனக்குச் சொன்னார்கள். அத்தனை நாளும் 'அம்மா கோயிலுக்குப் போயிருக்கு, அம்மா தூங்குது' என்று தம்பி போனில் கதை விட்டிருக்கிறான். என் வீட்டுக்காரரும் தெரிந்துகொண்டே எனக்கு ரசம் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அன்று நான் போட்ட கூச்சல் பக்கத்து அபார்ட்மென்ட் வரைக்கும் கேட்டது. மகள் பிறந்ததும், ஆஸ்பத்திரியிலேயே அவள் தலையில் அவர் கையை வைக்க வைத்து சத்தியம் வாங்கினேன். யாருக்கு என்ன ஆனாலும் அந்த நிமிஷமே எனக்குச் சொல்ல வேண்டும். போனில் தம்பியிடமும் அதே சத்தியம். இரண்டு பேரும் ஒப்புக்கொண்டார்கள்.

கிளம்புவதற்கு முந்தின வாரம் அப்பா வீடியோவில் வரவில்லை. "போன் ரிப்பேர்க்கா, கேமரா போச்சு. அப்பா நல்லா இருக்காரு" என்றான் தம்பி. சத்தியம் பண்ணினவன் சொல்கிறான் என்று நம்பினேன்.

ஆப்பிரிக்காவில் விமானம் மாற வேண்டிய ஊரில், நான் பாத்ரூம் போய்விட்டு வந்தபோது என் வீட்டுக்காரர் போனைக் கையில் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றிருந்தார்.

"யாருங்க?"

"ஆபீஸ் கால்."

"லீவுலயுமா? வெச்சுட்டு வாங்க."

கொஞ்ச தூரம் நடந்தோம். திடீரென்று நின்றார். "பேசாம நேரா ஊருக்கே போயிடலாமா? டிக்கெட் மாத்திக்கலாம்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சாம்பல் கக்கூசுக்குப் பயந்துட்டீங்களா? அப்பா தண்ணி எப்படி இருக்குன்னு கேட்டிருக்காரு. குடிக்காம போய் நின்னா வீட்டுக்குள்ளயே விடமாட்டாரு" என்று சொல்லி அவர் பையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு நடந்தேன். பின்னால் வந்தார். அந்த இடத்தை நினைக்காமல் இன்று வரை ஒரு நாளும் போனதில்லை.

தீவுக்குப் படகில் போனோம். ஏரி உண்மையிலேயே கடல் மாதிரிதான், ஆனால் உப்புக் காற்று இல்லை. கரையில் இறங்கியதும் லாட்ஜை நடத்தும் பெண் சூட்கேஸைத் திறக்கச் சொன்னாள். கொண்டுவந்த பிளாஸ்டிக்கையெல்லாம் திரும்பக் கொண்டுபோக வேண்டும், அதுதான் அங்கே சட்டம். என் ஜிப்லாக் மலையைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். திரும்பினால் என் வீட்டுக்காரரைக் காணவில்லை. போட்டிருந்த சட்டை பேன்ட்டோடு ஏரிக்குள் இறங்கிக்கொண்டிருந்தார். தலை முங்கி எழுந்தார். மறுபடி முங்கினார். கண் இரண்டும் சிவந்து, தண்ணீர் சொட்டச் சொட்டக் கரையேறினார்.

"பாத்தீங்களா, வரமாட்டேன்னாரு, இப்போ எனக்கு முன்னாடி இறங்கிட்டாரு" என்று அந்தப் பெண்ணிடம் தமிழிலேயே சொன்னேன்.

அன்று சாயங்காலம் கரையில் குனிந்து உள்ளங்கையில் ஏரித் தண்ணீரை அள்ளிக் குடித்தேன். ஃபில்டர் பண்ணித்தான் குடிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். கிடக்கட்டும். சில்லென்று, ஒரு வாடையும் இல்லாமல், தொண்டையில் இறங்கியது. போனை எடுத்து அப்பாவுக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். "அப்பா, குடிச்சுட்டேனுங்க. நல்ல தண்ணிங்கப்பா. நம்மூர்ல இப்படி ஒரு தண்ணி வந்தா நீங்க கெடா வெட்டிருப்பீங்க." சிக்னல் இல்லாததால் பக்கத்தில் கடிகாரப் படம் போட்டுக்கொண்டு அது அப்படியே நின்றது. போகிறபோது போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த நாட்களைப் பற்றி நல்லதாகவே சொல்ல வேண்டும், நியாயம் அது. காலையில் மீன்காரர்கள் மரத்தைக் குடைந்த படகுகளில் வந்தார்கள். பாறையில் உட்கார்ந்தால் தண்ணீருக்குள் நீலமும் மஞ்சளுமாகக் குட்டி மீன்கள் தெரிந்தன. ரொட்டியைத் தவிர எல்லாம் அந்தத் தீவிலும் ஏரியிலும் கிடைத்தது. மத்தியானம் அப்போதுதான் பிடித்த மீனைச் சுட்டுக் கொடுத்தார்கள். நான் வெளுத்துக் கட்டினேன். என் வீட்டுக்காரர் மட்டும் சோளக்களியும் கீரையும் பீன்ஸும் போதும் என்றார்.

இது சாதாரண விஷயம் இல்லை. சனிக்கிழமை தவறாமல் மீனுக்காக மில்பிடாஸ் வரைக்கும் வண்டி எடுத்துக்கொண்டு போகிற மனுஷர் அவர். தலைத் துண்டு யாருக்கு என்று எங்கள் வீட்டில் கேள்வியே கிடையாது. "என்ன, ஈக்கோ லாட்ஜுக்கு வந்து சாமியாரா மாறிட்டீங்களா? தாடி வேற" என்றேன். சவரமும் பண்ணிக்கொள்ளவில்லை அவர். "வயிறு சரியில்ல. உனக்கும் தினமும் மீன் வேணுமா? ஒரு நாள் விடேன்" என்றார். "நீங்க விடுங்க, உங்க பங்கையும் நான் பாத்துக்கறேன்" என்று அவருக்கென்று சுட்ட மீனையும் எடுத்துத் தின்றேன்.

மூன்றாம் நாள் சமையல்கார அம்மாள் என்னிடம் மிளகாய்த்தூள் வாங்கிப்போய், எனக்காகவே ஒரு பெரிய மீனை அதில் புரட்டிப் பொரித்து எடுத்து வந்தாள். வாசனை அப்படியே எங்கள் வீட்டு வாசனை. அவருக்குப் பிடிக்குமே என்று தலைத் துண்டை எடுத்து அவர் தட்டில் வைத்தேன். அவர் தட்டைப் பின்னால் நகர்த்தினார். வயிற்று வலிக்காரர் தட்டை நகர்த்துகிற மாதிரி இல்லை அது. தொடக்கூடாததைப் பார்த்துக் கூசினவர் மாதிரி நகர்த்தினார்.

எங்கள் பக்கத்தில் ஒரு சாவு விழுந்தால், சேதி கேட்டதும் உடுத்தின துணியோடு தலை முழுகுவார்கள். கருமாதி வரைக்கும் ஆண்கள் சவரம் பண்ணமாட்டார்கள். வீட்டில் கவுச்சி புழங்காது. ஏரியில் முங்கினது, தாடி, மீன் எல்லாம் என் கண் முன்னால்தான் நடந்தன. நான்தான் கேலி பண்ணிக்கொண்டிருந்தேன்.

வாயில் மீன் இருந்தது. அதோடேயே கேட்டேன்.

"யாரு?"

அவர் நகர்த்தின தட்டையே பார்த்தார்.

"எங்கப்பாவா?"

தலையை ஆட்டினார்.

எழுந்தேன், பெஞ்சு கவிழ்ந்தது. என்ன கத்தினேன் என்று சரியாக ஞாபகம் இல்லை. "நான் தின்னுட்டு இருந்தேனே! மூணு நாளா தின்னுட்டு இருந்தேனே! நீங்க பாத்துட்டு உக்காந்திருந்தீங்களே!" என்று கத்தினது மட்டும் ஞாபகம் இருக்கிறது. என் அப்பாவுக்கு இவர் விரதம் இருந்திருக்கிறார். பெற்ற மகள் நான் பக்கத்திலேயே உட்கார்ந்து முள்ளை உறிஞ்சிக்கொண்டிருந்தேன். ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். பிறகு கட்டின துணியோடு ஏரியில் இறங்கினேன். முங்கினபோது வாய்க்குள் அதே தண்ணீர் வந்தது. நல்ல தண்ணீர். துப்பினேன்.

கரையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த பெண்கள் கையைக் கழுவிக்கொண்டு வந்தார்கள். சமையல்கார அம்மாளும் வந்தாள். "மை ஃபாதர்" என்று மட்டும் சொன்னேன். என்னைச் சுற்றி மணலில் காலை நீட்டி உட்கார்ந்தார்கள். என் அம்மா சாவுக்கு நான் போயிருந்தால் எங்கள் வீட்டிலும் பெண்கள் இப்படித்தான் உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்தேன். அவர்கள் அழுதபோது நானும் சேர்ந்து அழுதேன்.

சாயங்காலம் அவர் வந்து கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து சொன்னார். அப்பாவுக்கு நெஞ்சுச் சளி. ஒரு வாரம் ஆஸ்பத்திரியில். போன் ரிப்பேரெல்லாம் ஒன்றுமில்லை. நாங்கள் விமானம் மாறுகிற ஊரில் இறங்கினபோது உயிர் போய்விட்டது. அன்றைக்கே எடுத்துவிட்டார்கள்.

"எப்படிப் போயிருந்தாலும் நீ முகம் பாத்திருக்க முடியாது. ஏர்போர்ட்ல உன்ன வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்? 'அவ அந்த ஏரியப் பாத்துட்டு வரட்டும், அதுக்கு முன்னாடி சொல்லாதீங்க'ன்னு உங்கப்பாவே சொன்னாராம். உன் தம்பி சொன்னான்."

அப்பா சொன்னாரா, தம்பி கட்டிவிட்ட கதையா, எனக்கு இன்றும் தெரியாது. தம்பியைக் கேட்டால் சாமி சத்தியமாக அப்பா சொன்னார் என்கிறான். அவன் சத்தியத்தின் மதிப்பு எனக்குத் தெரியும்.

"நம்ம பொண்ணு தலையில கை வெச்சீங்க" என்றேன். அவர் குனிந்துகொண்டு அழுதார். எனக்கு இரக்கம் வந்தது, அதைவிட அதிகமாகக் கோபமும் வந்தது. இரண்டும் இன்னும் இருக்கின்றன.

அடுத்த படகு வரும் வரைக்கும் அந்தத் தீவில் கிடந்தோம். சமையல்கார அம்மாள் எனக்கும் சேர்த்துக் கீரை ஆக்கினாள். அக்கரையில் இறங்கி நடந்துகொண்டிருந்தபோது கைப்பைக்குள் போன் நடுங்கியது. சிக்னல் வந்துவிட்டது. வரிசையாக மெசேஜ்கள் வந்து விழுந்தன. எடுத்துப் பார்த்தேன். நான் அப்பாவுக்குப் பேசி வைத்தது தானாகவே கிளம்பிப் போயிருந்தது. ஒரு டிக். பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு டிக். பிறகு இரண்டும் நீலமாக மாறின. எல்லாம் தெரிந்திருந்தும், ஒரு நொடி, கேட்டுவிட்டார் என்றுதான் என் மனது துள்ளியது.

தம்பிதான் கேட்டிருக்கிறான். துக்கம் விசாரிக்கிறவர்கள் கூப்பிடுவார்கள் என்று அப்பாவின் போனைச் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறான். நான் திருச்செங்கோட்டில் வீட்டுக்குள் நுழைந்ததும், கட்டிப்பிடித்து அழுதுவிட்டுச் சொன்னான்: "அக்கா, உன் குரலை அப்பா படத்துக்கு முன்னாடி வெச்சேன்க்கா. வந்திருந்தவங்க எல்லாரும் கேட்டாங்க."

கருமாதிக்கு அப்பாவோடு ஆப்பிரிக்காவில் வேலை பார்த்தவர் ஒருவர் வந்திருந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அம்மிணி, நீ பேசுனதக் கேட்டேன். நல்ல தண்ணிதான்னு சரியாச் சொன்ன."

"நீங்க குடிச்சிருக்கீங்களா?"

"குடிக்காம? அந்த ஏரிக் கரையிலதான் கூடாரம் போட்டிருந்தோம். அதுலதான் சோறு பொங்குனோம், அதுலதான் குளிச்சோம். உங்கப்பன் தெனமும் கேன்ல மொண்டு வண்டியில வெச்சிருப்பானே. வேற தண்ணியத் தொடமாட்டான். இப்படிப்பட்ட தண்ணிய வெச்சுக்கிட்டு இவனுங்களுக்கு எதுக்குடா போருன்னு சிரிப்பான்."

"தூரத்துல நின்னு பாத்ததோட சரின்னாரே. என்னைக் குடிச்சுப் பாத்துட்டு சொல்லச் சொன்னாரே."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "தெரியாமயா கேட்டிருப்பான்?" என்றார்.

நான் எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டேன். அப்பா பார்க்கிற டிவியில் உலகத்து ஊர்களின் மழை வெயில் எல்லாம் ஓடும். போனிலும் தம்பி அதற்கு ஒரு ஆப் போட்டுக் கொடுத்திருந்தான். ஃப்ரீமான்ட்டில் மழையா என்று அவருக்கு என்னைவிட முன்னாலேயே தெரிந்திருக்கும். பால் விலையும் தெரியும், ஒவ்வொரு வாரமும் நான்தானே சொன்னேன். அந்தப் பாலம் கட்டி முடிந்து ரொம்ப நாளாகிவிட்டது, அதையும் சொல்லியிருக்கிறேன். தெரிந்தேதான் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார். நான் சலித்துக்கொண்டே பதில் சொல்லியிருக்கிறேன்.

கருமாதி முடிந்து தீட்டுக் கழித்த பிறகு கறிச்சோறு போட்டார்கள். என் வீட்டுக்காரர் இலையில் விழுந்த கறியைத் தொடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் இலையிலிருந்து ஒரு துண்டை எடுத்து அவர் இலையில் வைத்தேன். சாப்பிட்டார். நாங்கள் அதைப் பற்றி இன்னும் பேசி முடிக்கவில்லை.

ஃப்ரீமான்ட்டுக்குத் திரும்பி வந்தாகிவிட்டது. சூட்கேஸ் நிறைய காலி ஜிப்லாக் கவர்களும் வந்தன, சட்டப்படி. அப்பாவைக் கூப்பிடுகிற நேரம் வரும்போது கை தானாகப் போனைத் தேடுகிறது. போன ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்துக்கு இங்கே மழை பெய்துகொண்டிருந்தது. போனை எடுத்து, ஃபிரிஸ்கோவில் என்ன என்று ஆப்பில் பார்த்தேன். மஞ்சளாகச் சூரியன். மகளைக் கூப்பிட்டேன்.

"அங்க மழையா?"

"அம்மா, யூ ஹாவ் த ஆப்."

"இருக்கு. நீ சொல்லு."

ஜன்னல் திரையை விலக்குகிற சத்தம் கேட்டது. பிறகு, எப்போதும் இங்கிலீஷில் பதில் சொல்கிறவள், "வெயில் அடிக்குதும்மா" என்றாள்.

"பெரிய வெயிலா, கொஞ்சமாவா?" என்று கேட்டேன்.